வேலியும் கடவும்: நாட்டு எல்லை முதல் தோட்டத்து மின்கம்பி வரை

வேலி பற்றி வரும் செய்திகளில் இரண்டு விஷயங்கள் வாசிப்பவரைக் குழப்புகின்றன.

முதலாவது எல்லை வேலி. 2025 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் மால்டா பக்கம் இந்தியா வேலி போடும் வேலையைப் பங்களாதேஷ் எல்லைக் காவலர்கள் ஆட்சேபித்தார்கள். டாக்காவில் இந்தியத் தூதரை அழைத்து அந்நாட்டு அரசு கவலை தெரிவித்தது. பதிலுக்கு டெல்லியும் பங்களாதேஷ் தூதரகத்தின் துணைத் தலைவரை அழைத்துப் பேசியது. வேலி போடுவது இந்திய மண்ணில். அதற்கு அடுத்த நாடு ஏன் மறுப்புச் சொல்ல வேண்டும்?

இரண்டாவது மின்வேலி. "மின்வேலியில் சிக்கி யானை பலி, விவசாயி கைது" என்று ஒரு செய்தி. அதே வாரத்தில் "சூரிய மின்வேலிக்கு அரசு மானியம்" என்று இன்னொன்று. ஒரே பெயருள்ள பொருள் ஒரு பக்கம் குற்றமாகவும் மறு பக்கம் மானியம் பெறும் திட்டமாகவும் இருப்பது எப்படி?

தொடர்பில்லாதவைபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வேலி எதைத் தடுக்கிறது என்பதோடு, எதை விடுகிறது, எப்போது விடுகிறது, எப்படி விடுகிறது என்றும் கேட்க வேண்டும். கொங்கு நாட்டில் வேலியில் ஆள் போக விடும் வழியைக் கடவு என்பார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

வேலி செய்யும் மூன்று வேலைகள்

1. தடுப்பது. எந்த வேலியும் எல்லாவற்றையும் தடுக்காது. மாட்டைத் தடுக்கும் வேலிக்குள் ஆடு நுழையும். ஆட்டைத் தடுப்பதில் பன்றி நுழையும். ஆகவே யாரைத் தடுக்க என்று முடிவு செய்த பிறகுதான் உயரம், நெருக்கம், பொருள் எல்லாம்.

2. காட்டுவது. "இதுவரை என்னுடையது" என்று ஊருக்குச் சொல்வது. தஞ்சைப் பக்கம் நிலத்தின் அளவுக்கே வேலி என்றுதான் பெயர். 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, கிட்டத்தட்ட 6.6 ஏக்கர்.

3. விடுவது. உரிமையாளர், உழவு மாடு, பால்காரர், தண்ணீர், காற்று என்று யாராவது, ஏதாவது வேலியைக் கடந்தே ஆக வேண்டும். கடவே இல்லாத வேலிக்குள் சொந்தக்காரரே போக முடியாது.

வேலி கட்டும்போது பணமும் யோசனையும் முதல் வேலைக்கே போய்விடுகின்றன. சண்டையும் சாவும் பெரும்பாலும் மூன்றாவதில்தான் வருகின்றன.

கிளுவை வேலி: கடவோடு பிறந்த வேலி

காங்கேயம், தாராபுரம் பக்கம் மேய்ச்சல் நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர். கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமுமாக இருக்கும். சுற்றிலும் முள்கிளுவை வேலி. காங்கேயம் மாடுகள் ஆளில்லாமல் அதற்குள் மேய்ந்துகொண்டிருக்கும். மேய்ப்பவருக்குக் கூலி கொடுக்கத் தேவையில்லாமல் செய்தது அந்த வேலிதான்.

வேலி போடும் முறை எளிது. கிளுவைப் போத்துகளை, அதாவது கிளைகளை வெட்டி, நெருக்கமாக வரிசையாக ஊன்றிவிடுவார்கள். மழை கண்டதும் துளிர்க்கும். சில வருஷங்களில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அடியில் சந்து தெரிந்தால் இலந்தை முள்ளை வெட்டி வைத்து அடைப்பார்கள். உயரமாகப் போனால் கழித்துவிடுவார்கள். கழித்த போத்து அடுத்த நிலத்து வேலிக்கு ஆகும். அப்புறம் அதன்மேல் கோவைக் கொடி ஏறும், பிரண்டை ஏறும், வேலிப்பருத்தி ஏறும். வேலியில் படர்வதாலேயே வேலிப்பருத்தி என்று பெயர் வாங்கிய கொடி அது. ஓணானுக்கும் கீரிக்கும் கௌதாரிக்கும் அதுவே வீடு.

இந்த வேலியில் ஆள் போகிற இடத்தைப் பாருங்கள். இரண்டு கல்லை நட்டு, உடம்பை ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். மனிதன் வளைந்து நுழைவான், மாட்டின் வயிறு நுழையாது. கதவும் இல்லை, பூட்டும் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியே யார் போகலாம் என்று முடிவு செய்துவிடுகிறது. யாரைத் தடுக்கிறோம், யாரை விடுகிறோம் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் செய்து முடித்த அமைப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

குறையும் உண்டு. வளரக் காலம் பிடிக்கும். வரப்போரம் நாலைந்து அடி நிலத்தை எடுத்துக்கொள்ளும். நிலம் விலையேறிய காலத்தில் அந்த நாலைந்து அடிதான் கிளுவை வேலிக்கு எமன் ஆனது.

உப்புக்காக ஒரு வேலி

உயிர்வேலியை ஓர் அரசாங்கமே வளர்த்த கதை இந்தியாவில் நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சி, உப்பு வரி குறைவாக இருந்த பகுதிகளிலிருந்து அதிகமாக இருந்த பகுதிகளுக்கு உப்பு கடத்தப்படுவதைத் தடுக்க உள்நாட்டுச் சுங்கக் கோடு ஒன்றைப் போட்டது. சிந்து நதிக்கரையில் தொடங்கி ஒடிசாப் பக்கம் வரை 2,000 மைலுக்கும் அதிகமான நீளம். காவலுக்கு 12,000 பேருக்கு மேல்.

முதலில் காய்ந்த முள்ளைக் கொண்டுவந்து குவித்துத்தான் பார்த்தார்கள். கரையான் அரித்தது, தீப்பிடித்தது, காற்று அள்ளிக்கொண்டு போனது. அதனால் உயிருள்ள செடிகளுக்கு மாறினார்கள். இலந்தை, கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி, கள்ளி என்று மண்ணுக்கு ஏற்றபடி நட்டார்கள். நன்றாக வளர்ந்த இடங்களில் 12 அடி உயரமும் 14 அடி அகலமுமாக நின்றது. இந்த வேலையை 1867 முதல் 1870 வரை சுங்க ஆணையராக இருந்து முடுக்கிவிட்டவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான்.

இதன் கடவுகள் சுங்கச் சாவடிகள். அந்தந்த இடத்தில்தான் கடக்க வேண்டும், சோதனை போட்ட பிறகுதான் கடக்க வேண்டும். வேலிக்கு ஒரு பக்கம் வீடும் மறு பக்கம் வயலும் வைத்திருந்தவர்களின் தினசரி வாழ்க்கை சாவடிக்காரர் கையில் போய்விட்டது. வேலி எங்கும் நீளமாக இருந்தாலும், அதிகாரம் குவிந்திருந்தது அந்தச் சில அடி திறப்பில்தான்.

1879இல் கோடு கைவிடப்பட்டது. உப்பு விளையும் இடங்களை அரசு தன் பிடிக்குள் கொண்டுவந்து, பகுதிக்குப் பகுதி இருந்த வரி வித்தியாசத்தையும் குறைத்துவிட்ட பிறகு கடத்தலில் லாபமில்லை. காவலுக்குத் தேவையும் இல்லை. காவல் போன வேலியை ஊர்க்காரர்கள் விறகுக்கு வெட்டினார்கள், மீதியில் பாதையும் வயலும் ஆனது.

கம்பி வந்த பிறகு

1874இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். கல்லும் மரமும் கிடைக்காத புல்வெளிகளுக்காக வந்த பொருள் அது. வளரக் காத்திருக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் கட்டிவிடலாம். மாட்டுக்காக வந்த கம்பியைச் சீக்கிரமே போர்க்களங்கள் மனிதனுக்காக எடுத்துக்கொண்டன.

கம்பியோடு ஒரு பழக்கமும் போனது. கிளுவை வேலியை வருஷா வருஷம் கழிக்கும்போது இரண்டு பக்கத்துக்காரரும் அங்கே நிற்பார்கள், பேசிக்கொள்வார்கள். கடவு எங்கே இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பேச்சில்தான் முடிவானது. கம்பி வேலிக்கு மறு பக்கத்தாரின் சம்மதம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் 1901 முதல் 1907 வரை முயலைத் தடுக்க 1,833 கிலோமீட்டருக்கு ஒரு வேலி போட்டார்கள். வேலை முடிவதற்குள் முயல் தாண்டிப் போய்விட்டது. தண்ணீர் தேடி வலசை போன ஈமுக் கோழிகள்தான் அந்த வேலியில் முட்டி நின்றன. யாரைத் தடுக்கப் போட்டார்களோ அது போய்விட்டது, கணக்கிலேயே இல்லாதது மாட்டிக்கொண்டது. மின்வேலிக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

150 கெஜம்: எல்லை வேலிக் குழப்பம்

இப்போது முதல் கேள்வி. இந்திய-பங்களாதேஷ் எல்லை 4,096 கிலோமீட்டர். அதில் 3,200 கிலோமீட்டர் அளவுக்கு வேலி வந்துவிட்டது. வேலி போடும் உறுதி 1985ஆம் ஆண்டு அசாம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சிக்கலைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. இரு நாட்டையும் பிரிக்கும் கோட்டுக்குப் பூஜ்யக் கோடு என்று பெயர். அது வரைபடத்திலும் எல்லைத் தூண்களிலும் இருக்கிறது. வேலி அந்தக் கோட்டின் மேல் இல்லை.

2. 1975இல் இரு நாட்டு எல்லைப் படைகளுக்காக வகுத்த விதிமுறைப்படி, கோட்டிலிருந்து இரு பக்கமும் 150 கெஜத்துக்குள், அதாவது சுமார் 137 மீட்டருக்குள், பாதுகாப்பு அரண் எதுவும் கட்டக் கூடாது.

3. வேலி அரணா இல்லையா? சச்சரவு முழுவதும் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. வேலி குற்றத்தைத் தடுக்கத்தான், போருக்கான அரண் அல்ல என்பது இந்தியாவின் வாதம். அதுவும் அரண்தான், 150 கெஜத்துக்குள் வேண்டுமென்றால் எங்கள் சம்மதம் வேண்டும் என்பது பங்களாதேஷின் வாதம்.

4. பெரும்பாலான இடங்களில் வேலி 150 கெஜம் உள்தள்ளியே போகிறது. கோட்டை ஒட்டியே வீடுகள் இருக்கும் இடங்களிலும் ஆறு குறுக்கிடும் இடங்களிலும் அப்படித் தள்ள முடிவதில்லை. அங்கெல்லாம் கோட்டுக்கு நெருக்கமாக வேலி போட முயலும்போதுதான் 2025இல் நடந்ததுபோல உரசல் வருகிறது.

செய்திகளில் அதிகம் வராதது இந்த 150 கெஜத்தின் இன்னொரு விளைவு. வேலிக்கும் பூஜ்யக் கோட்டுக்கும் நடுவே இருப்பது இந்திய மண், அதை உழுவது இந்தியர்கள். சில இடங்களில் வீடுகளும் அந்தப் பக்கமே இருக்கின்றன. அவர்களுக்கு வேலியில் கதவு வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட நேரத்தில் எல்லைப் பாதுகாப்புப் படையினர் திறப்பார்கள். அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு வயலுக்குப் போக வேண்டும், கதவு மூடும் முன் திரும்ப வேண்டும். இரவில் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய பயிரை அங்கே வைக்க முடியாது. விளைந்ததைக் காவல் காக்க முடியாது. பிரசவ வலி கதவு நேரம் பார்த்து வராது. உப்பு வேலிச் சாவடியில் நின்றவர்கள் பட்ட பாடு 150 வருஷம் கழித்து இங்கே தொடர்கிறது.

நாட்டுக்கு எல்லைக் காவல் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. கடத்தல் நடப்பதும் உண்மைதான். ஆனால் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வேலியின் நீளத்தைப் பற்றிப் பேசும் அளவில் பத்தில் ஒரு பங்காவது அந்தக் கதவுகள் திறக்கும் நேரத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

வீட்டு வேலி: பொட்டும் படலையும்

யாழ்ப்பாணத்து வளவுகளில் கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை, அதாவது நட்டால் துளிர்க்கும் தடிகளை நட்டு, அவற்றில் கிடுகோ (பின்னிய தென்னோலையோ) பனையோலையோ கட்டி வேலி அடைப்பார்கள். ஓலை மக்கியதும் புதிதாக அடைத்து, பழையதைத் தோட்டத்துக்கு உரமாகத் தாழ்ப்பார்கள். கதியாலின் குழை ஆட்டுக்கு. இந்த வேலியில் இரண்டு விதத் திறப்பு. தெருப் பக்கம் படலை, அதாவது வாசல் கதவு. வசதியான வீடுகளில் அதற்குக் கூரை வேய்ந்து, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத் திண்ணையும் வைத்துச் சங்கடப்படலை என்பார்கள். பக்கத்து வீட்டுப் பக்கம் பொட்டு, அதாவது ஓலையை விலக்கி ஆள் குனிந்து போகும் ஓட்டை. அவசரத்துக்கு உப்பு வாங்குவதும் சுகம் விசாரிப்பதும் அதன் வழியாகத்தான். பகை வந்தால் முதலில் அடைபடுவதும் அதுதான். கதியாலை இரவோடு இரவாக ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களும் அங்கே உண்டு.

தமிழ்நாட்டில் வேலித் தகராறில் இருப்பவர்கள் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

1. வேலி இருக்கும் இடம் எல்லை என்று சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. அளவைக் கற்களும் புலப்படமும்தான் எல்லையைச் சொல்லும். சந்தேகம் வந்தால் தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி சர்வேயரை வைத்து அளப்பதே முதல் வேலை.

2. அதற்காகப் பழைய வேலியை அலட்சியம் செய்யவும் கூடாது. அடுத்தவர் உங்கள் இடத்தை வளைத்து, தனக்கே சொந்தம் என்று 12 ஆண்டுகள் வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் அனுபவித்துவிட்டால், அதை மீட்க வழக்குப் போடும் காலக்கெடு முடிந்துவிடும்.

3. ஒருவர் நிலத்தின் வழியாக 20 ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையாகவே நடந்து வந்திருந்தால் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி வழி கேட்க முடியும். புதிதாக நிலம் வாங்கி நாலாபுறமும் கம்பி இழுத்த பிறகு "எங்கள் வண்டித்தடம் எங்கே" என்று ஊர் வந்து நிற்பது இதனால்தான். பத்திரம் பார்க்கும்போதே தடம் பார்த்துவிட வேண்டும்.

மின்வேலி: கம்பி ஒன்று, மின்சாரம் இரண்டு

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே ஒரு தோட்டத்து வேலியில் மூன்று பெண் யானைகள் மின்சாரம் தாக்கி இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பி, தாய்களின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. வேலி காட்டுப்பன்றிக்காகப் போட்டது. அதில் ஓடியது மின்கம்பத்திலிருந்து நேராக எடுத்த மின்சாரம்.

முறையான சூரிய மின்வேலி வேறு மாதிரி வேலை செய்கிறது. சூரியத் தகடு 12 வோல்ட் பேட்டரிக்கு ஏற்றுகிறது. பேட்டரியிலிருந்து எனர்ஜைசர் என்ற கருவி மின்சாரத்தை உயர் அழுத்தத் துடிப்புகளாக மாற்றிக் கம்பியில் விடுகிறது. அழுத்தம் பல ஆயிரம் வோல்ட். வீட்டு மின்சாரமோ வெறும் 230 வோல்ட். அப்படியானால் 230 கொல்கிறது, ஆயிரக்கணக்கான வோல்ட் கொல்லவில்லை, எப்படி?

வோல்ட்டை மட்டும் பார்த்தால் இது விளங்காது. எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உடம்பின் மின்தடையைத் தோராயமாக 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடம்புக்குள் 0.23 ஆம்பியர் ஓடும். வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் உயிர்காப்புச் சுவிட்ச் 0.03 ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும்படி அமைந்தது. அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் இங்கே ஓடுகிறது, அதுவும் நிற்காமல் ஓடுகிறது. தசை இறுகிக்கொள்ளும். பிடித்த கையை விட முடியாது, இதயத் துடிப்பு குலைந்துவிடும்.

எனர்ஜைசரில் ஒரு துடிப்பு ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கு நேரம்தான் நீடிக்கும். ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூல் என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது தரநிலை. மேலே சொன்ன 230 வோல்ட் கணக்கிலோ ஒவ்வொரு நொடிக்கும் 50 ஜூலுக்கு மேல் உடம்பில் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே சுமார் ஒரு நொடி இடைவெளியும் இருக்கிறது. சுள்ளென்று அடிக்கும், உடனே நிற்கும். தசை தளர்ந்து மிருகம் பின்வாங்க அந்த ஒரு நொடி போதும். கம்பத்திலிருந்து நேராக மின்சாரம் இழுத்த கம்பியில் இல்லாத கடவு அந்த நொடிதான்.

ஆகவே சூரிய மின்வேலி மானியத்துக்கு உரியது, கம்பத்து மின்சாரத்தை இழுத்த வேலி குற்றம். மின்திருட்டு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி தண்டனைக்குரியது. யானை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அந்தக் கம்பி யானை என்றும் பார்க்காது, அதிகாலையில் மடை திருப்பப் போன வீட்டுக்காரர் என்றும் பார்க்காது. பன்றிக்குப் போட்ட கம்பியில் மனிதர்கள் செத்த செய்தியும் வந்துகொண்டேதான் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023இல் மின்வேலிகளுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்து, பதிவையும் இந்தியத் தரநிலைக்கு உட்பட்ட கருவியையும் கட்டாயமாக்கியது.

வேலி போட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. எனர்ஜைசரில் தரநிலைக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளூரில் கோத்துத் தரும் பெட்டியில் துடிப்பின் அளவை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

2. எர்த் கம்பி ஈரமுள்ள மண்ணில் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். மிருகத்தின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும் மின்சாரம் எர்த் வழியாகக் கருவிக்குத் திரும்பினால்தான் அடி விழும். கோடையில் மண் காய்ந்தால் வேலி செத்துவிடும்.

3. கம்பியில் புல்லோ கொடியோ தொட்டால் மின்சாரம் அதன் வழியாகக் கசியும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அடிக்களை எடுக்க ஆள் வேண்டும். கைவிடப்பட்ட மின்வேலிகளில் பல இந்தக் களையில் தோற்றவைதான்.

4. மின்கம்பத்து வயரை எந்த நிலையிலும் வேலியில் கொடுக்கக் கூடாது. பேட்டரி தீர்ந்த ஒரே ஒரு இரவுக்குக்கூட.

இவ்வளவு செய்தாலும் யானை கற்றுக்கொள்ளும். தந்தத்தில் மின்சாரம் சரியாகப் பாயாது என்று கண்டுபிடித்துத் தந்தத்தால் கம்பியை அறுக்கும் யானைகள் உண்டு. மரத்தைச் சாய்த்துக் கம்பிமேல் போட்டுவிட்டு நடந்து போகும் யானைகளும் உண்டு. அதற்குப் போயே ஆக வேண்டும், அதனால்தான் இத்தனை பாடு. நீலகிரியின் சீகூர் பீடபூமி மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் இடம். அங்கே விடுதிகளும் வேலிகளும் வழித்தடத்தை மறித்த வழக்கில், யானைகளுக்கு வழிவிட வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது.

ஒரு தோட்டக்காரர் மட்டும் வேலி போட்டால் யானை அடுத்த தோட்டத்துக்குப் போகும். அவரும் போட்டால் அதற்கடுத்த தோட்டம். எல்லோரும் போட்டு முடிக்கும்போது நடுவில் மாட்டிய யானைக்குக் காட்டுக்குத் திரும்பவே வழி இருக்காது. அதனால் காட்டோர ஊர்களில் வேலி போடும் முன் எந்தப் பக்கத்தைத் திறந்து விடுவது என்று வனத்துறையும் ஊரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். திறந்து விடும் பக்கத்து நிலக்காரருக்குப் பயிர் இழப்பீடு காலத்தில் வந்தாக வேண்டும். அது தாமதமாகிற ஊரில்தான் யாரோ ஒருவர் கொக்கி போட்டுக் கம்பத்திலிருந்து வயரை இழுக்கிறார்.